ஒரு கட்டம், பல கேள்வி

வேலைக் கணக்கு வைக்கும் சாஃப்ட்வேர் இருக்கிற எந்த ஆபீசிலும் இந்தச் சண்டை உண்டு. ஒரு டீம் 'கிளை' என்று கட்டம் போடும். இன்னொரு டீம் அதையே 'பிராஞ்ச்' என்று போடும். மூன்றாவது டீம் அதில் ஊர்ப்பெயரை அடிக்கும். மாசக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்தால் மூன்றும் கூட்டலுக்கு வராது. இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த தலைவலி என்று நினைக்காதீர்கள். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இது நூறு வருஷத்துக்கும் மேல் பழசு.

ஊர் தெரியாதவர்களுக்கு: பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கிழக்கே கொஞ்சம் போனால் பொள்ளாச்சிச் சீமை. வெள்ளைக்காரன் காலத்தில் சித்தூர் கொச்சி ராஜாவுடையது. பாலக்காடு மலபார் ஜில்லா, பொள்ளாச்சி கோயமுத்தூர் ஜில்லா. இரண்டும் மதராஸ் மாகாணம். கூப்பிடு தூரத்தில் மூன்று கணக்குப் புத்தகம்!

1871-72ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு ஊருக்கு ஒரு சமயம் நடந்தது. 1881 பிப்ரவரி 17ல்தான் சமஸ்தானங்களையும் சேர்த்து, கிட்டத்தட்ட நாடு முழுக்க ஒரே நாளில் எண்ணினார்கள். சரி, கட்டம் ஒன்றாகிவிட்டது. கேள்வி? 1881ல் தாய்மொழி என்றார்கள். 1891ல் பெற்றோர் மொழி. 1901ல் வழக்கமாகப் பேசும் மொழி. 1931ல் மறுபடி தாய்மொழி. எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் கச்சேரியில் மலையாளமும் பேசுகிற ஆள் என்ன செய்வார்? கேள்வி மாறினால் அவர் பதிலும் மாறும். ஆனால் அட்டவணையில் எல்லாம் 'மொழி' என்ற ஒரே தலைப்பு.

இந்தக் கட்டத்தை வைத்துத்தான் பிறகு எல்லையே போட்டார்கள். ஃபசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்புக் கமிஷன் 1955ல் அறிக்கை தந்தது. 1951 கணக்கின் தாய்மொழி எண்கள் அதன் முன்னால் இருந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு 1956 நவம்பர் 1ல் மதராசுக்குப் போயின. தேவிகுளத்தில் தமிழர்தான் அதிகம் என்று தெரிந்தும், மொழி மட்டும் போதாது என்று அது கேரளத்திலேயே நின்றது. சித்தூரும் அப்படியே.

இங்கே இன்னொரு சூட்சுமம், பேங்க்காரனுக்கு உடனே பிடிபடும். எந்த மட்டத்தில் கூட்டுகிறோம் என்பது. கிராமத்தில் கூட்டினால் கொழிஞ்சாம்பாறைத் தமிழ் பெரிய எண். மாவட்டத்தில் கூட்டினால் கரைந்துபோகும். கமிஷன் பெரும்பாலும் மாவட்டத்தைத்தான் அளவாக வைத்தது. 1969ல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் வழி செய்தது. உள்ளூர் ஆபீஸ் என்று வந்தால், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடத்துக்குத்தான் அது.

2011க்குப் பிறகு அடுத்த கணக்கெடுப்பு 2027ல் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். தாய்மொழி என்றால் சின்ன வயசில் அம்மா நம்மிடம் பேசிய மொழி. சென்சஸ்காரர்களின் விளக்கம் இதுதான். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவையுங்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் நாம் அந்தக் கணக்கில் வரமாட்டோம்.