பக்கம் 1207

நம் வழக்கறிஞர் சங்க நூலகத்தில் 1976-ஆம் ஆண்டு ஏ.ஐ.ஆர். உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதியைக் கையில் எடுத்தால், அது தானாகவே ஓரிடத்தில் பிரிந்துகொள்ளும். பக்கம் 1207, ஜபல்பூர் வழக்கு. எத்தனை பேர் எத்தனை முறை புரட்டினார்களோ, அந்த இடத்தில் தையலே தளர்ந்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் எழுபத்தைந்து ஆண்டுகளைப் பற்றி மலருக்கு எழுதச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பக்கம்தான்.

இப்போதெல்லாம் கட்சிக்காரர்கள் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்பே, "பெஞ்சுல யாரு சார்? அவர் யாரோட ஆளு?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்குவதில்லை. அதற்கு இடம் கொடுத்தது நீதிமன்றத்தின் வரலாறுதான். ஆனால் சார்பை அவர்கள் தேடுகிற இடம் தவறு.

1950 ஜனவரி 28 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் தொடங்கிய நீதிமன்றத்துக்கு முதல் சில மாதங்களிலேயே சென்னை மாநிலத்திலிருந்து பெரிய வழக்குகள் போயின. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழுக்கு மாநில அரசு விதித்த தடை செல்லாது என்று எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன பதஞ்சலி சாஸ்திரி. அதே மே மாதத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தோற்றார். தடுப்புக் காவல் செல்லும் என்றது பெரும்பான்மை.

நீதிபதியின் பழைய கட்சியை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள். கே.எஸ். ஹெக்டே காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர். கேசவானந்த பாரதி வழக்கில் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றம் கை வைக்க முடியாது என்று காங்கிரஸ் அரசுக்கு எதிராக நின்ற எழுவரில் அவரும் ஒருவர். வி.ஆர். கிருஷ்ணய்யர் 1957-இல் கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவையில் இருந்தவர். 1975 ஜூனில் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கு மேல்முறையீடு விடுமுறைக் கால நீதிபதியான அவரிடம் வரவிருந்தது. மத்திய சட்ட அமைச்சர் தொலைபேசியில் அழைத்து, நேரில் பார்க்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டு, மனுவைப் பதிவகத்தில் தாக்கல் செய்யச் சொல்லிவிட்டார் கிருஷ்ணய்யர். ஜூன் 24 அன்று அவர் தந்தது நிபந்தனையோடு கூடிய தடை. பிரதமராக நீடிக்கலாம், அவையில் வாக்களிக்க முடியாது. மறுநாள் இரவு நெருக்கடிநிலை வந்தது.

சார்பு நுழைந்த வாசல் வேறு. கேசவானந்த பாரதி தீர்ப்பு 1973 ஏப்ரல் 24 அன்று 7-க்கு 6 என்று வந்தது. இரண்டே நாளில், பணிமூப்பில் முன்னால் இருந்த ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியானார். தாண்டப்பட்ட மூவரும் எழுவரில் இருந்தவர்கள், ரே எதிரணியில் இருந்தவர். நீதிபதியின் கண்ணோட்டத்தையும் அரசு பார்க்கத்தான் வேண்டும் என்று மக்களவையில் வாதாடியவர் மோகன் குமாரமங்கலம். சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், பெரிய சட்ட மேதை. அவர் வாயிலிருந்து அந்த வாதம் வந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அந்த வாதம் என்ன செய்யும் என்பதை 1207-ஆம் பக்கத்தில் படிக்கலாம். மிசா தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. மேல்முறையீட்டில் எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயைக் கேட்டார்: 21-ஆம் பிரிவில் உயிரும் இருக்கிறதே, உங்கள் வாதம் அதற்கும் பொருந்துமா? சட்டத்துக்குப் புறம்பாக உயிரே பறிக்கப்பட்டாலும் நீதிமன்றம் எதுவும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று நால்வர் அதை ஏற்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். தீர்ப்புக்கு முன் ஹரித்வாரில் கங்கைக் கரையில் தம் சகோதரியிடம், இதனால் தலைமை நீதிபதி பதவி போய்விடும் என்று சொல்லியிருந்தார். அப்படியே போனது. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி பெக் வந்தார்.

ஒத்துப்போன நால்வரில் ரே ஏற்கெனவே தலைமை நீதிபதி. பெக், சந்திரசூட், பகவதி மூவரும் பின்னால் அந்த நாற்காலிக்கு வந்தார்கள். இவர்கள் எந்த அரசியல் கட்சியின் ஆட்களும் அல்லர். ஏழைகளுக்காக நீதிமன்றக் கதவைத் திறந்துவிட்ட பகவதியை யார் அப்படிச் சொல்ல முடியும்? அடுத்த பதவி யார் கையில் இருக்கிறது என்பது நல்ல மனிதர்களின் பேனாவையும் அழுத்தும் என்றே நான் படிக்கிறேன். ஜபல்பூர் தீர்ப்பைத் தவறென்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒதுக்கித் தள்ளியபோது, அதை எழுதியவர்களில் ஒருவர் அந்தச் சந்திரசூட்டின் மகன்.

1993-க்குப் பிறகு நியமனம் நீதிபதிகளின் கொலீஜியத்திடம் போனது. அந்த வாசல் ஓரளவு அடைபட்டது. ஓய்வுக்குப் பிந்தைய வாசல் திறந்தே கிடக்கிறது. தலைமை நீதிபதியாக இருந்த நம் ஈரோட்டுப் பக்கத்து சதாசிவம் ஓய்வு பெற்ற 2014-ஆம் ஆண்டிலேயே கேரள ஆளுநரானார். ரஞ்சன் கோகோய் 2019 நவம்பரில் ஓய்வு பெற்று 2020 மார்ச்சில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவர்கள் தீர்ப்புகளில் பழுதென்று நான் சொல்லவில்லை. கட்சிக்காரர் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை.

ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி எந்த நீதிமன்றத்திலும் வழக்காடக் கூடாது என்று அரசியலமைப்பின் 124(7) தடுக்கிறது. அரசு தரும் பதவியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. சில ஆண்டுகளாவது இடைவெளி வேண்டும் என்று சட்டம் கேட்டு, நம் சங்கம் இந்த விழாப் பொதுக்குழுவிலேயே தீர்மானம் போட வேண்டும். முன்மொழிய நான் தயாராக இருக்கிறேன்.