ஃபோலிக் அமில விழிப்புணர்வு

கருத்தரிக்கும் முன்பும் கர்ப்ப காலத்திலும் ஃபோலிக் அமிலம் (பி9 உயிர்ச்சத்து) எடுத்துக்கொள்ள வேண்டியதன் தேவையைப் பெண்களிடமும் குடும்பத்தாரிடமும் கொண்டுசேர்க்கும் பணி. இந்தச் சத்தின் வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. கர்ப்பிணிகளின் கடும் இரத்தசோகையை ஆராய 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இல் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் (இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை) பணியாற்றினார். ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டறிந்தார். அதிலிருந்த சத்து ஃபோலேட் என்பது பின்னர் தெளிவானது. நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள (கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் சரியாக மூடாத) குழந்தை பெற்ற தாய்மாருக்கு அது மறுபடி நேர்வதை ஃபோலிக் அமிலம் 72% குறைப்பதாக 1991இல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

கரு உருவாகி 28 நாளுக்குள் நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. சென்னை மணலி புதுநகர் போன்ற தொழிற்பகுதியில், நாள் தள்ளிப்போனதை உணர்ந்து, வேலைக்கு நடுவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவதற்குள் அந்தக் கட்டம் கடந்துவிடக்கூடும். எனவே திருமணமான கையோடு சொல்வதே பயன் தரும். கணவருக்கும் மாமியாருக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும். அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிப்புக்கு ஒரு மாதம் முன்பிருந்து கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை. முன்பு இக்குறைபாடுள்ள குழந்தை பெற்றவர்களுக்கு மருத்துவர் கூடுதல் அளவு எழுதுவார். 12 வாரத்துக்குப் பின் அரசு இலவசமாகத் தரும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரை, குறைந்தது 180 நாள். கீரையும் பயறும் அவசியம். ஆனால் அவை மாத்திரைக்கு ஈடாகா.