பட்டறையா, விளைநிலமா: தாவர நார்ப் பதப்படுத்தலின் இடம்

தாவரக் கழிவு நாரைக் கொண்டு பிளாஸ்டிக்கை வலுவூட்டும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதன்று. திருவனந்தபுரம் வட்டார ஆராய்ச்சி ஆய்வகத்தில் 1980களிலேயே தென்னை நாரையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்துத் தலைக்கவசம், கூரைத் தகடு, அஞ்சல் பெட்டி போன்றவற்றைச் செய்து பார்த்தார்கள். ஆனாலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதை ஒட்டிய மேனாம்பேடு போன்ற பகுதிகளிலும் இயங்கும் மோல்டிங் பட்டறைகளுக்குப் பழகிய வலுவூட்டிகள் கண்ணாடி இழையும் டால்க் பொடியுமே. நாருக்கு வலு போதாது என்பது வழக்கமான விளக்கம். நாரைப் பதப்படுத்தும் வேலை யாருடையது என்பது தீர்மானிக்கப்படாமல் கிடப்பதே பெரிய தடை என்று நான் கருதுகிறேன். அந்த வேலை பட்டறைக்கு உரியதன்று. வாழையும் தென்னையும் விளையும் ஊருக்கு உரியது.

செல்லுலோஸ் நீரை ஈர்க்கும். பாலிப்ரொப்பிலீன் நீரை ஒதுக்கும். போதாததற்கு நாரின் மேல் மெழுகும் பெக்டினும் படிந்திருக்கும். இரண்டுக்கும் ஒட்டுதல் இல்லாதபோது, பாரம் ஏறியதும் நார் விசையைத் தாங்காமல் உருவிக்கொண்டு வந்துவிடும். காஸ்டிக் சோடாக் கரைசல் இந்தப் படிவுகளையும் ஹெமிசெல்லுலோஸின் ஒரு பகுதியையும் கரைத்து, நாரின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறது. பிரசாத், பவித்ரன், ரோகத்கி ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், 5 விழுக்காட்டுக் கரைசலில் ஏறத்தாழ மூன்று நாள் ஊறிய தென்னை நாரின் இழுவலிமை 10 முதல் 15 விழுக்காடு கூடியது. அந்நாரால் ஆன பாலியெஸ்டர் கலவையின் வளைவு வலிமை, பதப்படுத்தாத நார்க் கலவையைவிட 40 விழுக்காடு அதிகம். அதற்கு மேலும் ஊறவிட்டபோது நார் நலிந்தது. பின்னால் வந்தவர்கள் 40 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்ட அளவுக்கு இந்த நலிவைப் பொருட்படுத்தவில்லை. பதம் தவறினால் நார் கெடும். அந்தப் பதமோ நாரின் வகை, முதிர்ச்சி, நீரின் தன்மை ஆகியவற்றுக்கேற்ப மாறும். ஒவ்வொரு லோடுக்கும் பதம் பார்ப்பது, ஆர்டருக்கு ஆர்டர் டை மாற்றி ஓடும் சிறு பட்டறையால் ஆகிற காரியமில்லை.

கழிவுநீர் இதைவிடக் கடினமான கேள்வி. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளின் மாசு ஏற்கெனவே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. கழிவுநீரை அலட்சியம் செய்த தொழிலுக்கு என்ன நேரும் என்பதற்கு, 2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் மூடப்பட்ட திருப்பூர்ச் சாயப்பட்டறைகளே போதும். அப்படியானால் அந்தக் கேட்டைக் கிராமத்துக்குத் தள்ளிவிடுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சோடியம் மண்ணை உவராக்கும். காஸ்டிக் சோடாவையே ஊருக்கு அனுப்புவதானால் என் வாதம் நிற்காது. காஸ்டிக் பொட்டாஷும் ஒரு காரமே. அதன் கழிவுநீரைப் பாஸ்பாரிக் அமிலத்தால் நடுநிலையாக்கினால் எஞ்சுவது பொட்டாசியம் பாஸ்பேட். பொட்டாசியத்தை மிகுதியாக உறிஞ்சும் பயிரான வாழைக்கு அது உரம். விலை கூடுதல்தான், ஆனால் உரச் செலவில் ஒரு பங்கு திரும்பும். நகரத்தில் அந்த நீரைப் பாய்ச்ச வயல் ஏது? தவிர, வாழைத்தண்டின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதைத் தேனியிலிருந்து லாரியில் ஏற்றுவது தண்ணீருக்கு வாடகை கொடுப்பதாகும்.

வலு பற்றிய ஆட்சேபத்தில் பாதி உண்மை. எந்தப் பதமும் வாழை நாரைக் கண்ணாடி இழைக்கு நிகராக்காது. ஆனால் கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 2.5, வாழை நாருடையது அதில் பாதியைச் சற்றே தாண்டும். கார்க் கதவின் உட்பலகைக்கு வேண்டியது விறைப்பும் எடைக்குறைவும். அங்கே நார் போட்டியிடலாம். 200 டிகிரி செல்சியசுக்கு மேல் நார் கருகத் தொடங்குவதால், 260 டிகிரியை ஒட்டி உருகும் நைலான் 66க்கோ, என்ஜினை ஒட்டிய பாகங்களுக்கோ அதைப் பரிந்துரைப்பது வீண். இந்தக் கலவை மக்கிவிடும் என்று விற்பதும் நேர்மையன்று: நாரைச் சூழ்ந்த பாலிப்ரொப்பிலீன் மக்காது. எடைக் குறைவையும், வயலில் வீணாகும் தண்டுக்குக் கிடைக்கும் விலையையும் சொல்லி விற்றால் போதும்.

பாலியெஸ்டரில் கண்ட பலன் பாலிப்ரொப்பிலீனில் கார ஊறலால் மட்டும் வராது. மலெயிக் அன்ஹைட்ரைடு இணைத்த பாலிப்ரொப்பிலீனும் சிறிதளவு சேர வேண்டும். அது நாரையும் பிளாஸ்டிக்கையும் கலந்து பட்டறைக்குக் குருணை தயாரிப்பவரின் பொறுப்பு. மூட்டையின் மேல் ஈரப்பதமும் நார் நீளமும் ஊறல் நேரமும் அச்சாகி வந்தால், மோல்டிங் பட்டறைக்காரர் முதலில் மாற்ற வேண்டியவை உலர்த்தும் நேரமும் பீப்பாயின் வெப்பமும்தான்.