டி டிரைவ் எப்படி இ டிரைவ் ஆச்சு?

2003-ல எங்கப்பாவோட ரெண்டு வருஷக் கணக்கை நான் அழிச்சேன். வைரஸ் இல்லை, கரண்ட் கட் இல்லை. ஒரே ஒரு எழுத்தை நம்பினதுதான் காரணம்.

அப்ப நான் பிளஸ் ஒன். வீடு போத்தனூர்ல, ஸ்டேஷன்ல அனவுன்ஸ்மென்ட் பண்ணினா திண்ணைல கேக்கற தூரம். அப்பாவுக்கு சின்னதா ஒரு லேத் பட்டறை. ஜாப் வொர்க் பில், பாக்கி, கூலி எல்லாம் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர்ல டேலியில இருந்துச்சு. 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதை சி, டி-னு ரெண்டாப் பிரிச்சிருந்தோம். டி-ல கணக்கு. சிடி டிரைவ் இ.

பாட்டு வெச்சுக்க இடம் பத்தலைன்னு காந்திபுரத்துல பழைய 10 ஜிபி டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டு வந்து நானே மாட்டினேன். ஆன் பண்ணினா எஃப்-னு ஒரு எழுத்து புதுசா வந்திருக்கு, சிடி அங்க போயிருச்சு. இ-ல ஹார்ட் டிஸ்க் படம். சரி, புதுசு இதுதான்னு அதைத் திறந்துகூடப் பாக்காம குயிக் ஃபார்மேட் குடுத்தேன். மேல பாட்டெல்லாம் காப்பி பண்ணினேன்.

மறுநாள் காலைல அப்பா கூப்பிட்டார்: "ஏங்கண்ணு, நம்ம கம்பெனி பேரே வரலையே?"

நான் அழிச்சது புது டிஸ்க் இல்லை. பழைய டி-தான், ராத்திரியோட ராத்திரியா இ ஆயிருந்துச்சு.

அது ஏன் அப்படி நகர்ந்துச்சுன்னு புரிய கொஞ்சம் பின்னாடி போகணும். டிஸ்க்குக்கு எழுத்து வைக்கிற பழக்கம் 1960-கள்ல ஐபிஎம்மோட சிபி/சிஎம்எஸ்ல இருந்தே உண்டு. சின்ன கம்ப்யூட்டருக்கு அதைக் கொண்டு வந்தது கேரி கில்டால் 1974-ல எழுதின சிபி/எம். அதையொட்டி 1980-ல டிம் பேட்டர்சன் ஒரு சிஸ்டம் எழுதினார். அதை மைக்ரோசாஃப்ட் வாங்கித்தான் டாஸ் ஆச்சு. 1981 ஆகஸ்ட்ல வந்த ஐபிஎம் பிசியில ஃபிளாப்பிதான், ஏ, பி. ஒரே ஃபிளாப்பி டிரைவ் இருந்தாலும் பி உண்டு: "பி-க்கான டிஸ்க்கைப் போடு"ன்னு கேக்கும், நீங்க அதே டிரைவ்ல டிஸ்க்கை மாத்திப் போடணும். 1983 மார்ச்ல வந்த எக்ஸ்டி மாடல்ல 10 எம்பி ஹார்ட் டிஸ்க். மிச்சமிருந்த அடுத்த எழுத்து சி. ஃபிளாப்பி செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னிக்கும் உங்க லேப்டாப் சி-லதான் ஆரம்பிக்குது.

அப்ப எழுத்துன்னா டிஸ்க்கோட பேர் இல்லை, வரிசை நம்பர். முதல்ல வந்தவனுக்கு முதல் எழுத்து. (அந்தக் கணக்குல பாத்தா ரயில் பாதை 1862-ல எங்க போத்தனூருக்குத்தான் வந்துச்சு. கோயம்புத்தூர் டவுனுக்கு 1873-லதான், மேட்டுப்பாளையம் லைன் வழியா. சி நாங்க, டி அவங்க. இதை டவுன்காரங்க கிட்ட சொல்லிப் பாருங்க, சண்டைக்கு வருவாங்க.)

ஆனா டாஸ் வரிசை வெறும் வந்த வரிசையும் இல்லை. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் புதுசா எண்ணும். முதல்ல ஒவ்வொரு டிஸ்க்குலயும் இருக்கற பிரைமரி பார்ட்டிஷன், அதுக்கப்புறம்தான் உள்ளே பிரிச்ச லாஜிக்கல் டிரைவ். எங்க வீட்டுல சி பிரைமரி, டி லாஜிக்கல். புது டிஸ்க்ல இருந்தது ஒரு பிரைமரி. அதனால அது நடுவுல புகுந்து டி-யை எடுத்துக்கிச்சு, எங்க கணக்கு இ-க்குத் தள்ளப்பட்டுச்சு, சிடி எஃப்-க்கு. விண்டோஸ் 98 வரைக்கும் இதே எண்ணிக்கைதான். விஷயம் தெரிஞ்ச மெக்கானிக்குங்க ரெண்டாவது டிஸ்க்ல பிரைமரியே வைக்காம எல்லாத்தையும் லாஜிக்கலாப் பிரிச்சுடுவாங்க. அப்ப பழைய எழுத்து அசையாது. எனக்கு யார் சொன்னா?

இன்னொண்ணும் பின்னாடிதான் தெரிஞ்சுது, இதுதான் ரொம்ப வலிச்சுது. குயிக் ஃபார்மேட் அட்டவணையைத்தான் காலி பண்ணும். ஃபைல் மேல வேற ஏதாவது எழுதற வரைக்கும் அது உள்ளேயே கிடக்கும். மீட்டிருக்கலாம். அதுக்குமேல பாட்டை ஊத்தி மூடினது நான்.

ஸ்டேஷன் பக்கத்துல வளர்ந்தவனுக்கு இது புரிஞ்சிருக்கணும். மூணாவது பிளாட்பாரத்துக்கு வரவேண்டிய வண்டி ரெண்டாவதுக்கு வரும்னு மைக்ல சொன்னா, யாரும் மூணுல நிக்கற வேற வண்டில ஏற மாட்டாங்க. வண்டி நம்பரைப் பாத்துத்தான் ஏறுவாங்க.

விண்டோஸ் 2000 செஞ்சது அதைத்தான். டிஸ்க்கோட முதல் செக்டர்ல 4 பைட்டுக்கு ஒரு அடையாள எண் இருக்கும். அதையும் பார்ட்டிஷன் எங்க ஆரம்பிக்குதுங்கறதையும் சேத்து, "இதுக்கு டி"ன்னு ரெஜிஸ்ட்ரியில மவுன்டட் டிவைசஸ்ங்கற இடத்துல எழுதி வெச்சுக்குது. இப்ப வர்ற ஜிபிடி டிஸ்க்ல 16 பைட் அடையாளம். லினக்ஸ்ல எழுத்தே கிடையாது, ஆனா அங்கயும் எஸ்டிஏ, எஸ்டிபி-ன்னு பேர் வரிசைல மாறும். அதனாலதான் யுயுஐடி எழுதறாங்க.

இருந்தும் இப்பவும் எழுத்து மாறுது. விண்டோஸைப் புதுசா போட்டா அந்தக் குறிப்பு போயிடும். எக்ஸ்டர்னல் டிஸ்க் இல்லாத நேரத்துல பென் டிரைவ் வந்து எழுத்தைப் பிடிச்சுக்கும். சரிபண்றது ரெண்டு நிமிஷ வேலை: டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, அந்த டிரைவ் மேல ரைட் கிளிக், சேஞ்ச் டிரைவ் லெட்டர். பழைய எழுத்தை வேற ஒருத்தன் வெச்சிருந்தா முதல்ல அவனை வேற எழுத்துக்கு மாத்துங்க. ஷார்ட்கட், டேலி எல்லாம் பழைய பாதையைத்தான் தேடும், அதனால பழைய எழுத்தையே திருப்பிக் குடுங்க. சி-யைத் தொடாதீங்க. எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு எம் மாதிரி தள்ளி ஒரு எழுத்து குடுத்தா பென் டிரைவ் அங்க வராது. எல்லாத்துக்கும் மேல, டிரைவுக்கு ஒரு பேர் வையுங்க. "அப்பா கணக்கு"ன்னு லேபிள் இருந்திருந்தா அன்னிக்கு என் கை நின்னிருக்கும்.

அப்பா திட்டலை. பில் புக் எல்லாம் பரண்ல இருந்துச்சு. ராத்திரி எட்டு மணிக்கு மேல அவர் படிக்க, நான் டைப் பண்ண, ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு பார்ட்டியோட பாக்கி மட்டும் எந்தத் தாள்லயும் இல்லை. அவங்க கிட்டயே போய்க் கேட்டார். கொடுத்தாங்க, ஆனா அவங்க சொன்ன தொகைதான்.

இப்பவும் புது டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணும்போது மத்த டிஸ்க் கேபிளைக் கழட்டி வெச்சுட்டுத்தான் ஆன் பண்றேன்.