ஒப்படைத்த பள்ளியும் ஒப்படைக்க முடியாத கடமையும்: ஓ'கீஃப் வழக்கில் அரசின் பொறுப்பு

குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் வளர்ந்தபின் தொடுக்கும் உரிமையியல் வழக்கில், குற்றவாளியோடு அரசும் இழப்பீட்டுக்குப் பொறுப்பேற்க வேண்டுமா என்னும் கேள்வி, பள்ளிகளைத் தானே நடத்தாமல் பிறர் கையில் விட்டுவைத்த நாடுகளில் கூடுதல் சிக்கலாகிறது. அயர்லாந்தில் தொடக்கப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருந்தன. ஊதியம் தந்ததும் பாடத்திட்டம் வகுத்ததும் ஆய்வாளரை அனுப்பியதும் அரசு. ஆசிரியரை நியமித்து அன்றாட நிர்வாகத்தைக் கவனித்தவர் திருச்சபையின் சார்பில் இயங்கிய மேலாளர்.

கார்க் வட்டாரத்து டண்டெரோ பள்ளியின் தலைமையாசிரியர் மீது 1971இலேயே பெற்றோர் ஒருவர் மேலாளரிடம் முறையிட்டார். அம்முறையீடு காவல்துறையையோ கல்வித்துறையையோ எட்டவில்லை. 1973இல் அதே ஆசிரியரால் லூயிஸ் ஓ'கீஃப் என்னும் மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். 1969க்கும் 1973க்கும் இடையில் அரசு ஆய்வாளர் ஆறு முறை அப்பள்ளிக்கு வந்து சென்றும் அவர் காதுக்கு எதுவும் போகவில்லை. பெற்றோர் தம் புகாரை மேலாளரிடமே கொண்டுசெல்ல வேண்டும் என்பதுதான் 1970ஆம் ஆண்டு அரசுக் குறிப்பு காட்டிய வழி.

பணியாளர் செய்த தவற்றுக்குப் பணியமர்த்தியவர் ஈடு செய்ய வேண்டும் என்பது பகரப் பொறுப்புக் கோட்பாடு. ஆசிரியரை நியமித்து நேரடியாக மேற்பார்த்தது மேலாளரே என்பதால் இக்கோட்பாடு அரசைச் சாராது என்று அயர்லாந்து உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. இத்தருக்கத்தின் விளைவு கொடியது: கட்டாயக் கல்விச் சட்டத்தால் குழந்தையைப் பள்ளிக்கு வரவழைக்கும் அரசு, கண்காணிப்பை எவ்வளவு கைவிடுகிறதோ அவ்வளவுக்குப் பொறுப்பிலிருந்து தப்பிக்கொள்ளும்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு 2014 ஜனவரி 28 அன்று வேறு வழியில் சென்றது. ஆசிரியரின் குற்றத்தை அரசின் தலையில் ஏற்றாமல், குழந்தையை இழிவான நடத்துதலிலிருந்து காப்பது அரசின் சொந்தக் கடமை என்றும், பள்ளியை ஒப்படைத்தாலும் அக்கடமையை ஒப்படைக்க முடியாது என்றும் 11-க்கு 6 என்ற பெரும்பான்மையில் அது கூறியது. இன்றைய விழிப்புணர்வைக் கொண்டு 1973ஐ அளக்கலாகாது என்ற சிறுபான்மையினரின் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் சிறார்மீதான பாலியல் குற்றங்களின் பரவலைக் காரிகன் குழு 1931இலேயே அரசிடம் அறிக்கையாக அளித்திருந்ததால், அறியாமை என்னும் வாதம் நிற்காது.

தீர்ப்புக்குப் பின் 2015இல் அரசு அறிவித்த இழப்பீட்டுத் திட்டமோ, குற்றவாளி மீது முன்னரே புகார் இருந்ததை விண்ணப்பதாரர் மெய்ப்பிக்க வேண்டும் என்றது. முறையான புகார் வழியை ஏற்படுத்தத் தவறிய அரசே, பதிவாகாத புகாருக்குச் சான்று கேட்டது. அந்நிபந்தனை தீர்ப்புக்கு முரணானது என்று ஓய்வுபெற்ற நீதிபதி இயர்லா ஓ'நீல் 2019 ஜூலையில் முடிவு செய்தார். அதே மாதம் பிரதமர் லியோ வரத்கர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது, டண்டெரோவில் அக்குற்றம் நடந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.