போர்வானிற் சுழன்ற சிறகுகள்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் ஆகாயப் போரைப் பற்றி எழுதுவோர் வேகத்தையே பெரிதும் வியந்து எழுதுவர். மணிக்கு 300 மைலுக்கு மேற் பறந்த போர் விமானங்களையும், யுத்த முடிவில் வந்த ஜெற் விமானங்களையும் நாம் அறிவோம். ஆயின், வேகத்தையே வேண்டாத சில யந்திரங்களும் அவ்வாண்டுகளில் வானில் உலாவின. அவற்றின் சிறப்பெல்லாம் மெல்லப் பறத்தலும் ஓரிடத்தில் நிற்றலுமேயாம். அச்சிறப்பு யுத்தத்தில் எதற்குப் பயன்பட்டது என்பதை ஈண்டு நோக்குவோம்.

இவ்வரலாறு ஸ்பெயின் நாட்டில் ஆரம்பமாகின்றது. ஹுவான் டி லா சியேர்வா என்ற இளம் பொறியியலாளர், தாம் அமைத்த பெரிய விமானமொன்று 1919இல் வேகங் குன்றி வீழ்ந்து நொறுங்கக் கண்டார். வேகங் குறைந்தாலும் வீழாத விமானம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. சிறகை விமானத்தின் தலைக்குமேற் சுழலவிட்டால், விமானம் மெல்லச் சென்றாலும் சிறகு விரைந்து சுழலுமன்றோ? ஆயினும் ஓர் இடர் எழுந்தது. சுழலுஞ் சிறகுகளுள் முன்னோக்கி வருவது மிகுந்த தூக்குவிசையையும், பின்னோக்கிச் செல்வது குறைந்த தூக்குவிசையையும் பெற்றமையால் யந்திரம் ஒரு பக்கஞ் சாய்ந்தது. கதவுக்குப் பிணைச்சல் இடுவதுபோல ஒவ்வொரு சிறகின் அடியிலும் ஒரு பிணைச்சலை இட்டு, அது மேலுங் கீழும் அசைய வழிசெய்தார் சியேர்வா. 1923 ஜனவரியில் மட்ரிட் நகருக்கு அருகே அவரது ஓட்டோஜைரோ வெற்றியுடன் பறந்தது.

ஓட்டோஜைரோவை முன்னே இழுப்பது சாதாரண விமானத்துக்குள்ள விசிறியே. மேலுள்ள சிறகைப் பறக்கும்போது காற்றே சுழற்றுகின்றது. ஆகவே அது மிக மெல்லப் பறக்குமேயன்றி, காற்றில்லா வேளையில் அந்தரத்தில் அசையாது நிற்கமாட்டாது. ஹெலிகொப்டரின் சிறகை யந்திரமே சுழற்றுவதால், அது நேரே எழவும் நின்ற நிலையில் நிற்கவும் வல்லது. வீழாத விமானத்தை நாடிய சியேர்வா, 1936 டிசம்பரில் லண்டன் குறொய்டனிற் பனிமூட்டத்தினூடே புறப்பட்ட சாதாரணப் பயணிகள் விமானமொன்று வீழ்ந்தபோது மாண்டார். விதியின் விளையாட்டை என்னென்போம்!

யுத்தம் மூண்டபின் பிரித்தானியர் அவருடைய ஓட்டோஜைரோக்களுக்கு ஓர் அரிய பணியை அளித்தனர். கரையோர ராடர் நிலையங்கள் காட்டுந் திசை சரியானதா எனச் சோதித்தற்கு, இடம் அறிந்த ஒரு புள்ளியின்மேற் சிறு வட்டமிட்டுச் சுற்றும் விமானம் தேவைப்பட்டது. விரைந்து பறக்கும் விமானத்தால் இஃது இயலாது. பகைவர் வருகையைக் கண்டறிந்த ராடரைச் செம்மை செய்த பெருமை இம்மெல்லிய பறவைகளுக்கும் உண்டு.

ஜேர்மனியரோ இவ்வாற்றலை வேட்டைக்குப் பயன்படுத்தினர். நீர்மூழ்கிக் கப்பலின் மேற்றளத்தில் நிற்பவனுக்கு நெடுந்தூரம் தெரிவதில்லை. ஆதலால், யந்திரமே இல்லாத சுழற்சிறகு ஒன்றில் ஒருவனை அமர்த்தி, நம் சிறுவர் ஏற்றும் பட்டம்போலக் கயிற்றிற் கட்டி இழுத்துச் சென்றனர். 1943 ஆகஸ்ட் மாதம் மடகஸ்காருக்கு அப்பால், நமது இந்து சமுத்திரத்திலேயே, இவ்வாறு கண்டறியப்பட்ட கிரேக்கக் கப்பலொன்று மூழ்கடிக்கப்பட்டது. பிளெற்னர் என்பார் அமைத்த 'கொலிப்ரி' என்னுஞ் சிறு ஹெலிகொப்டரையும் ஜேர்மன் கடற்படை சோதித்தது. 1944இல் ஆயிரம் வேண்டுமெனக் கட்டளை பிறந்தும், தொழிற்சாலைகள் குண்டுவீச்சில் அழிந்தமையால் ஏறக்குறைய 24 மட்டுமே உருவாயின.

அமெரிக்காவில், கீவ் நகரிற் பிறந்து அங்கு குடியேறிய இகோர் சிக்கோர்ஸ்கி 1939இல் தமது ஹெலிகொப்டரை முதன்முறை நிலத்தினின்றும் எழுப்பினார். அதன் வழிவந்த ஆர்-4 என்னும் இராணுவ ஹெலிகொப்டர் 1942 ஜனவரியிற் பறந்தது. 1944 ஜனவரி 3ஆம் நாள் நியூயோர்க் துறைமுகத்தருகே போர்க்கப்பலொன்று வெடித்துச் சிதற, பனிப்புயலினூடே காயமுற்றோருக்கு இரத்தநீரைக் கொண்டு சென்றது ஆர்-4 ஒன்றே.

அவ்வாண்டு ஏப்ரில் மாதத்திலேதான் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் நமது கண்டி மாநகருக்கு வந்தது. அதே மாத இறுதியில், அத்தலைமையகத்தின் போர்முனையான பர்மாவில், யப்பானியர் வசமிருந்த காட்டுப்பகுதியில் ஒரு சிறு விமானம் வீழ்ந்தது. அதன் விமானியும் பிரித்தானியப் போர்வீரர் மூவரும் அங்கே சிக்குண்டனர். கார்ட்டர் ஹாமன் என்னும் அமெரிக்க விமானி ஆர்-4 ஒன்றில் அவ்விடஞ் சென்றார். வெப்பமிகுந்த அக்காற்றில் அது ஒருவரையே ஏற்றவல்லது. எனவே ஒவ்வொருவராக மீட்டார். இடையில் யந்திரஞ் சூடேறி நின்றுவிட, இரவைக் கழித்து மறுநாள் எஞ்சியோரையும் மீட்டார். போர்முனையில் ஹெலிகொப்டர் செய்த முதல் மீட்பு இதுவே. பின்னர் 1950–1953 கொரிய யுத்தத்தில் ஆயிரக்கணக்கான காயமுற்றோர் இவ்வழியிலேயே வைத்தியசாலை சேர்ந்தனர்.

பின்வந்த யுத்தங்களில் ஹெலிகொப்டரிலே பீரங்கிகளும் ஏறின என்பதையும் நாம் மறைத்தலாகாது. மடகஸ்காருக்கு அப்பால் ஒரு கப்பலைக் காட்டிக்கொடுத்ததும், பர்மாக் காட்டில் நால்வரைக் காத்ததும் சுழலுஞ் சிறகே. யந்திரத்துக்கு நெஞ்சம் இல்லை. அதனை ஏவும் மனிதனுக்கே உண்டு. விஞ்ஞானங் கற்கும் இளைஞராகிய நாம், கற்கும் பாடத்தோடு இதனையும் கருத்திற் கொள்வோமாக.