கீச்சுக் குரலும் இனிய குரலும்

பேச்சிப்பாறை அணையில் மறுகால் திறந்துவிட்டால் திற்பரப்பில் ஆற்றங்கரை வீடுகளுக்குள் அருவியின் இரைச்சல் வந்து உட்கார்ந்துவிடும். அப்படியொரு காலையில் பக்கத்து வீட்டுத் தம்பி மடிக்கணினியோடு வந்தான். என்னைப்போல அவனுக்கும் பார்வை கிடையாது.

“அண்ணே, நேத்து ராத்திரியிலேருந்து குரல் சின்னப்பிள்ளை பேசுற மாதிரி கீச்சுன்னு கேக்குது. என்ன செய்தும் இறங்கல.”

“ஈஸ்பீக்குக்கு மாத்திப் பாத்தியா மக்கா?”

“அந்தத் தகரக் குரலா? அதை யாரு கேப்பா?”

இந்தக் கேள்வியை அவன் மட்டும் கேட்பதில்லை. திரையில் உள்ளதைப் பேசிக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் தமிழர் பலர் ஈஸ்பீக்கை ஏழைக் குரலாகவும், மனிதர் பேசுவதுபோல் ஒலிக்கும் குரலை உயர்ந்த குரலாகவும் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளான ஈஸ்பீக்கை ஜோனதன் டடிங்டன் 1995இல் ஏக்கார்ன் கணினிக்காக எழுதத் தொடங்கினார். 2015இன் இறுதியில் ரீஸ் டன் அதைப் பிரித்தெடுத்து ஈஸ்பீக் என்.ஜி. என்று வளர்த்தார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான் என்.வி.டி.ஏ.வில் இது கூடவே வருகிறது. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசும் இதன் அளவு சில மெகாபைட்தான். இதன் உயிரொலிகள் எந்த மனிதரின் பதிவிலிருந்தும் வந்தவை அல்ல. குரல்நாண் அதிர்வும் வாயறையின் ஒத்ததிர்வும் தனித்தனி எண்களாக இருக்கின்றன. அதனால் சுருதியை எவ்வளவு ஏற்றினாலும் ‘ஆ’ ஆவாகவே கேட்கும், ‘ஏ’ ஏயாகவே கேட்கும்.

மனிதர் பேசுவதுபோல் ஒலிக்கும் குரல்கள் ஒரு மனிதர் பேசிப் பதிந்த ஒலியிலிருந்து பிறந்தவை. விண்டோஸில் வரும் தமிழ்க் குரலான ‘வள்ளுவர்’ இந்த வகை. சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தி தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்கு உருவாக்கிய குரல்களும் இந்த வகைதான். கதை கேட்க இவற்றுக்கு இணையில்லை. ழகரமும் சொல்லின் நடுவே மெலியும் ககரமும் காதுக்கு இதமாக வரும். ஆனால் பேசியவரின் இயல்பான சுருதியை விட்டு அதிகம் ஏற்றினாலோ இறக்கினாலோ குரல் கெட்டுப்போகும்.

சுருதி எங்களுக்கு வெறும் இனிமை அல்ல. கண்ணுள்ளவர் ஆங்கிலப் பெரிய எழுத்தைப் பார்த்தவுடன் அறிகிறார். பிரெயிலில் அந்த எழுத்துக்கு முன்னால் 6ஆம் புள்ளி வரும். திரைவாசிப்பானில் அந்த வேலையைச் சுருதி செய்கிறது. எழுத்தெழுத்தாக நகரும்போது பெரிய எழுத்து வந்தால் குரல் சற்று உயரும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாததால் தமிழ் மட்டும் படிக்கிறவர் இதைக் கவனிப்பதே இல்லை. வங்கியின் 11 எழுத்துக் குறியீட்டையோ கடவுச்சொல்லையோ எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபார்க்கும்போதுதான் இது தெரியவரும். அங்கே சுருதி தவறினால் கடவுச்சொல்லே தவறும்.

இனித் தம்பியின் கணினி. என்.வி.டி.ஏ. விசையோடு கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தி ஈஸ்பீக்குக்கு மாற்றச் சொன்னேன். அருவி இரைச்சலைக் கிழித்துக்கொண்டு அது வழக்கமான குரலில் பேசியது. அதுவும் மாறிக் கேட்டிருந்தால் ஒலிபெருக்கி, புளூடூத் காதொலிப்பான், விண்டோஸின் ஒலி அமைப்பு என்று வெளியே தேட வேண்டியிருக்கும். அது சரியாக இருந்ததால் கோளாறு அவனுடைய குரலில்தான் என்று தெளிவானது. அது விலைக்கு வாங்கிய ஒரு குரல்.

அந்தக் குரலுக்கே திரும்பி, என்.வி.டி.ஏ. விசையோடு கன்ட்ரோலும் அம்புக்குறிகளும் கொண்டு சுருதியின் எண்ணைப் பார்த்தோம். பலருக்கு இங்கேதான் சிக்கல் இருக்கும்: விரல் தவறி இந்த விசைகளில் பட்டு எண் ஏறியிருக்கும். எண்ணை இறக்கிவிட்டால் தீர்ந்தது. இவனுக்கோ எண் அசையவே இல்லை. காதில் மட்டும் கீச்சு.

“நேத்து கடைசியா என்ன செய்தே?”

“பேங்க் கோடு அடிச்சேன்.”

பெரிய எழுத்துக்காக உயர்ந்த குரல் கீழே இறங்க மறந்திருக்கிறது. சில குரல்கள் இந்த ஏற்ற இறக்கத்தைச் சரியாகக் கையாளாது. கன்ட்ரோல், ஆல்ட், என் அழுத்தி என்.வி.டி.ஏ.வை மறுபடி தொடங்கினோம். குரல் இறங்கியது. மீண்டும் ஒரு பெரிய எழுத்தை அடித்தான். மீண்டும் கீச்சு. பேச்சு அமைப்புக்குள் போய், பெரிய எழுத்துக்குச் சுருதி மாறும் விழுக்காட்டைச் சுழியமாக்கி, பெரிய எழுத்துக்கு முன் ‘கேப்’ என்று சொல்லும் தேர்வைப் போட்டோம். அதற்குப் பிறகு தொல்லை இல்லை. ஈஸ்பீக்கில் இந்த மாற்றம் தேவைப்படவில்லை. 

இடம் மாறினால் வெவ்வேறு குரல் பேசுவது இன்னொரு புகார். அது பெரும்பாலும் கோளாறே இல்லை. மொழிக்கேற்பக் குரல் தானாக மாறும் தேர்வு போட்டிருந்தால் ஆங்கிலப் பகுதியை வேறொருவர் வாசிப்பார். ஒரு செயலிக்கென்று தனி அமைப்பு சேமித்திருந்தாலும் அந்தச் செயலிக்குள் போனவுடன் சுருதி மாறும்.

நான் நாவலுக்கு இனிய குரலை வைத்திருக்கிறேன். கணக்கு, கடவுச்சொல், வங்கி வேலை எல்லாம் ஈஸ்பீக்கில்தான். அதிவேகத்திலும் சொல் உடையாமல் நிற்பது அதுதான் என்பது என் காதின் தீர்ப்பு.

பார்வையற்றோருக்குக் கணினி சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் இனிய குரலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஈஸ்பீக்குக்கு மாறும் அந்த மூன்று விசைகளை முதல் வாரத்திலேயே விரலுக்குப் பழக்கிவிடுங்கள்.